எந்த வருஷம் வந்தீங்க?

போன மழைக்காலத்தில் என் தம்பி மகளுக்குப் பதினெட்டு வயது முடிந்தது. இங்கே பர்மாவில், இப்போதைய பெயரில் மியான்மரில், பத்து வயதில் ஓர் அடையாள அட்டை தருவார்கள், பதினெட்டில் அதை மாற்றி எடுக்க வேண்டும். அவள் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. அதனால் அத்தைக்காரி நான்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். காலை ஏழு மணிக்கே பெரிய வரிசை. குடையையும் நனைந்த செருப்பையும் வாசலில் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். பாரத்தைப் புரட்டினார், பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். பிறகு பர்மியில் கேட்டார்: "உங்க ஆளுங்க எந்த வருஷம் வந்தாங்க, அம்மா?"

எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது. இந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள், ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூடக் கேட்டிருக்கிறார். "பூட்டன் காலத்துல ஐயா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தார். நாலு தலைமுறைக்குப் பெயர் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அப்பா வழி மட்டும் போதாது, பாட்டி பர்மியப் பெண் என்கிறீர்களே, அந்த வழியிலும் எழுத வேண்டும் என்றார்.

ஊருக்குப் போய் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறக்க வேண்டியதாயிற்று. எங்கள் ஊர் தொங்வா பக்கம். யாங்கோனில் (பழைய ரங்கூன்) இருந்து பகோ ஆற்றைத் தாண்டிக் கிழக்கே போனால் கண்ணுக்கு எட்டிய வரை நெல் வயல். அந்தப் பெட்டியில் இருந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஏன் இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. காச்சின், கயா, கரென், சின், பர்மர், மொன், ரக்கைன், ஷான் ஆகிய இனத்தாரும், பர்மிய ஆண்டு 1185க்கு, அதாவது 1823க்கு, முன்பே இந்த மண்ணில் நிலையாகக் குடியிருந்த மற்ற இனத்தாரும் பிறப்பாலேயே குடிமக்கள். மற்றவர்கள் காகிதம் காட்ட வேண்டும். அட்டை மூன்று நிறத்தில் வரும். முழுக் குடிமக்களுக்கு ரோஜா நிறம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு நீலம். சுதந்திரத்துக்கு முன்பே வந்து குடியிருந்ததை நிரூபித்துக் குடியுரிமை பெற்றவர்களுக்குப் பச்சை. நீல அட்டைக்காரரைச் சட்டம் பர்மியில் என்ன சொல்லி அழைக்கிறது தெரியுமா? விருந்தாளிக் குடிமகன். அட்டை எண்ணுக்கு நடுவிலேயே விருந்தாளி என்ற சொல்லைப் போட்டிருப்பார்கள். என் அப்பா இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே உழுது, இங்கேயே செத்தவர். கடைசி வரை அவர் சட்டைப்பையில் இருந்தது அந்த நீல அட்டைதான். அம்மாவின் வழியில் எனக்கும் தம்பிக்கும் ரோஜா நிற அட்டை கிடைத்தது. அது கைக்கு வரும்போது எனக்கு நாற்பது வயது.

ஏன் 1823? 1824இல் ஆங்கிலேயர் முதல் முறையாகப் பர்மாமீது படையெடுத்தார்கள். அந்த மே மாதம் அவர்கள் படை ரங்கூனில் இறங்கியது. 1826இல் யண்டபோ உடன்படிக்கை. அரக்கானும் தெனாசெரிமும் பறிபோயின, அதற்கு மேல் ஒரு கோடி ரூபாய் தண்டமும் கட்ட வேண்டியிருந்தது. 1852இல் இரண்டாம் போர், கீழ்ப்பர்மா முழுதும் போனது. 1885இல் மூன்றாம் போர், மாண்டலேயில் இருந்து தீபா மன்னரை மாட்டுவண்டியில் ஏற்றிப் படகுத்துறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ரத்னகிரிக்கு நாடுகடத்தினார்கள். அவர் ஊர் திரும்பாமல் 1916இல் அங்கேயே இறந்தார். ஆகவே 1823 என்பது வெள்ளைக்காரன் கால் வைப்பதற்கு முந்தைய வருஷம். அவனோடு வந்த எல்லாரும் அவன் கணக்கில் சேர்ந்தவர்கள் என்பது சட்டத்தின் உள்ளர்த்தம்.

அந்த எண்ணத்தை என்னால் முழுதாகத் தள்ளிவிட முடியவில்லை. 1824இல் ரங்கூனில் இறங்கிய படையில் சென்னை ராணுவத்துச் சிப்பாய்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். அவர்களில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். கஞ்சிக்குப் போனவன், சம்பளத்துக்குச் சுட்டான் என்று நாம் சொல்லலாம். குண்டடி பட்டவன் வீட்டில் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் கோயில் கமிட்டியில் ஒரு பெரியவர் இருக்கிறார். இந்தப் பேச்சு வந்தாலே பகான் கல்வெட்டை எடுத்து வைப்பார். உண்மையிலேயே அப்படி ஒரு கல்வெட்டு இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு, தமிழ் எழுத்து. மலைமண்டலத்து மகோதயர் பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், பகானில் இருந்த நானாதேசி விண்ணகர் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. நானும் பார்த்திருக்கிறேன். கல்லில் நம் எழுத்தைப் பார்த்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. "1823க்கு ஐந்நூறு, அறுநூறு வருஷம் முன்னாடியே நாம இங்க இருக்கோம்மா" என்பார் பெரியவர். அவர் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வணிகர் எங்களுக்குப் பாட்டனுமில்லை பூட்டனுமில்லை. தவிர, முந்தி வந்தவனுக்கே மண் சொந்தம் என்று நாமும் பேச ஆரம்பித்தால், அந்தச் சட்டத்தின் கணக்கைச் சரியென்று ஒப்புக்கொண்ட மாதிரிதான். நான் அந்த வழியில் போக மாட்டேன்.

எங்கள் பூட்டன் வந்தது சிவகங்கைச் சீமையில் இருந்து. மழை பொய்த்த வருஷம் என்று மட்டும் அப்பத்தா சொல்லும். மேஸ்திரி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்தான். ஒன்றரை மாதச் சோற்றுக்கு அது ஆனது, அதற்கு ஈடாக ஆளைக் கொடுத்தார்கள். மொரீஷியசுக்கும் நேட்டாலுக்கும் போனவர்கள் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் போனார்கள். பர்மாவுக்குப் பெரும்பாலும் ஒப்பந்தம் கிடையாது, மேஸ்திரி கடன்தான். கப்பல் தட்டில் மழையிலும் வெயிலிலும் கிடந்து வந்தவனுக்குக் கூலியில் முதல் பிடித்தம் மேஸ்திரியுடையது. கார்த்திகை, மார்கழியில் டெல்டாவில் அறுப்பு. அது முடிந்தால் ரங்கூனில் அரிசி ஆலை. ஆலை ஓய்ந்தால் ஊர். 1927 ஒரு வருஷத்தில் மட்டும் இந்தியாவில் இருந்து நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இப்படி வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் திரும்பிப் போனவர்கள்தான். எங்கள் பூட்டன் ஐந்தாவது முறை வந்தபோது திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்பதற்கு எங்கள் வீட்டில் மூன்று கதை உண்டு, மூன்றிலும் கடன் இருக்கிறது.

பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. ஏனென்றால் அன்றைக்குப் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். மதுரையில் இருந்து மதராசுக்குப் போவதும் மதராசில் இருந்து ரங்கூனுக்குப் போவதும் அரசாங்கத்தின் கண்ணுக்கு ஒன்றுதான். பூட்டன் தன் மனசுக்கு ஒரு ஜில்லா விட்டு இன்னொரு ஜில்லாவுக்கு வேலைக்கு வந்தவர். பர்மியன் கண்ணுக்கு, கேட்காமல் திறந்துவிட்ட கதவு வழியே உள்ளே வந்தவர். இரண்டும் உண்மை. கதவைத் திறந்தவன் மட்டும் இரண்டு பேர் பேச்சிலும் வருவதில்லை.

டெல்டாவின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், என் குடும்பமே அதற்குள்தான் இருக்கிறது. 1850களில் கீழ்ப்பர்மாவில் நெல் விளைந்தது பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவு. மற்றதெல்லாம் காடு, சதுப்பு, கொசு, காய்ச்சல். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து ஐரோப்பாவுக்கு வழி சுருங்கியது. 1930களில் நெல் வயல் எண்பது லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. வருஷத்துக்கு முப்பது லட்சம் டன் அரிசி கப்பலேறியது. உலகத்திலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அன்றைக்கு இதுதான். காட்டை வெட்டியது யார்? பெரும்பாலும் பர்மியக் குடியானவர்கள், அதிலும் மேல்பர்மாவின் வறண்ட பூமியில் இருந்து இறங்கி வந்தவர்கள். அவர்களும் வந்தவர்கள்தான். என் அம்மாவின் அம்மாவை நாங்கள் அப்வா என்போம், பர்மியில் பாட்டி. (அப்பத்தாவும் அப்வாவும் ஒரே முற்றத்தில் இருந்ததால் சின்ன வயதில் இரண்டும் ஒரே சொல் என்று நினைத்திருந்தேன்.) அப்வாவின் தாத்தா மக்வே பக்கத்தில் இருந்து குடும்பத்தோடு வந்து, மரம் வெட்டி, வேர் பிடுங்கி, வரப்புப் போட்டவர்.

அரசாங்கம் 1876இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பன்னிரண்டு வருஷம் தொடர்ந்து நிலத்தை வைத்திருந்து தீர்வை கட்டினால் அது உனக்குச் சொந்தம். கேட்க நல்ல ஏற்பாடு. ஆனால் பன்னிரண்டு வருஷம் எதைச் சாப்பிடுவது? மாடு, விதை, அறுப்புக் கூலி, வீட்டுச் செலவு எல்லாவற்றுக்கும் கடன் வாங்க வேண்டும். ஆங்கில வங்கி குடியானவனை வாசல்படி ஏற்றாது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் நம் செட்டிநாட்டு நகரத்தார்கள். வட்டித்தொழிலுக்குக் கடல் தாண்டுவதைக் கொண்டுவிக்கப் போவது என்பார்கள். ஒரு முகவர், ஓர் அடுத்தாள், பெட்டியடிப் பையன், மூன்று வருஷக் கணக்கு. ரங்கூன் முகல் தெருவில் இருந்து டெல்டாவின் கடைசிப் படகுத்துறை வரை கடை திறந்தார்கள். 1930 வாக்கில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. கொடுத்து வைத்திருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய். பர்மிய மரபில் நிலத்தை ஒத்தி வைத்தவன் பணம் வந்தபோது மீட்டுக்கொள்ளலாம். ஆங்கிலச் சட்டத்தில் தவணை தப்பினால் கோர்ட்டு, தீர்ப்பு, ஏலம்.

நெல்லுக்கு என்ன விலை என்பதைத் தீர்மானித்தது செட்டியாரும் இல்லை, குடியானவனும் இல்லை. 1921இல் பெரிய ஆங்கில ஆலை நிறுவனங்கள் நான்கு ஒன்று சேர்ந்து, புல்லிஞ்சர் பூல் என்று ஒரு கூட்டு வைத்து, கொள்முதல் விலையை அழுத்திப் பிடித்தன. அதன் பிறகு 1930இல் உலகச் சந்தை விழுந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே போனது. தலைவரி மட்டும் இறங்கவில்லை. மணமானவனுக்கு ஐந்து ரூபாய், மணமாகாதவனுக்கு இரண்டரை, ரொக்கமாகக் கட்ட வேண்டும். அந்த வருஷம் டிசம்பரில் தராவடியில் சாயா சான் தலைமையில் குடியானவர்கள் கத்தியும் வேல்கம்பும் எடுத்தார்கள். சுட்டு அடக்கினார்கள். 1931 நவம்பரில் சாயா சானைத் தூக்கில் போட்டார்கள். கீழ்ப்பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. 1937இல் அது நூற்றுக்கு இருபத்தைந்து.

அந்த இருபத்தைந்துக்குள் அப்வாவின் அப்பா நிலமும் இருந்தது.

அப்வா இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறது. மீனைப் புளிக்கவைத்துச் செய்யும் ஙாப்பியை இடித்துக்கொண்டிருந்தது, அந்த வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது. அப்வாவுக்கு அப்போது பதினாறு வயது. அப்பா ஒரு நாள் மத்தியானம் கடைக்குப் போனார். இருட்டின பிறகு திரும்பினார். கையில் ஒரு சீட்டு. யாரிடமும் பேசாமல் அதைப் புத்தர் மாடத்துக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் எருமைகளை அவிழ்க்கவில்லை. நிலம் கடைக்குப் போய்விட்டது, கடனுக்கு நேர் செய்து சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "வெள்ளைக்காரனை நான் கண்ணால பார்த்ததே இல்ல. செட்டியைத்தான் பார்த்தேன்" என்றது அப்வா. அதில் கோபம்கூட இல்லை. உலக்கை நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது.

கடைக்காரர்கள் அந்த நிலத்தில் குத்தகைக்கு ஆள் வைத்தார்கள். அந்த ஆட்களில் ஒருவர் எங்கள் பூட்டன்.

இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். எங்கள் சனங்கள் சொல்லும் பர்மாக் கதை எப்போதும் 1942இல் தொடங்கும், அல்லது 1964இல் தொடங்கும். எங்களுக்கு என்ன நடந்தது என்பதில் தொடங்கும். எங்களைக் கொண்டு என்ன நடத்தப்பட்டது என்பது அதில் வராது. செட்டியார்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை, அவர்களுக்கு வேண்டியது பணம்தான், விலை விழுந்ததால் வேண்டாத நிலம் தலையில் விழுந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் நம்புகிறேன். அவர்களே ஆங்கில வங்கிகளில் கடன் வாங்கித்தான் கடன் கொடுத்தார்கள், 1948க்குப் பிறகு நிலச் சட்டங்கள் வந்தபோது அநேகமாக எல்லாவற்றையும் இழந்தார்கள். அதையும் மறுக்கவில்லை. பதினாறு வயதுப் பெண்ணிடம் இந்த விளக்கத்தை யார் போய்ச் சொல்வது?

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் முதல் தடவையாகத் தமிழ்நாட்டுக்குப் போனேன். சித்தப்பா மகன் காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டைக் காட்டக் கூட்டிப்போனான். முகப்பில் வரிசையாகத் தூண்கள், ஒரே மரம், இரண்டு கை சேர்த்தாலும் பிடிக்க முடியாது. "பர்மா தேக்குக்கா, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு கரையான் ஏறல" என்றான் பெருமையாக. தூணைத் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று குளிர்ச்சியாக இருந்தது. எங்கள் ஊரில் அப்வா வீட்டுக்கு மூங்கில் தட்டி, தென்னங்கீற்று மாதிரி வேயப்பட்ட டனிக் கூரை. நல்ல தேக்கு எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்க்க நான் கடல் தாண்டி வர வேண்டியிருந்தது. அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வேலையிலும் இதே கதைதான். 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூனில் நான்கு லட்சம் பேர், அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் பெரும்பாலும் தெலுங்குச் சனங்கள். 1930 மே மாதம் அவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிகள் பர்மியர்களைக் கூட்டிவந்து வேலை வாங்கின. வேலைநிறுத்தம் சமரசமானதும் 26ஆம் தேதி காலை, சோற்றுப் பாத்திரத்தோடு வேலைக்கு வந்த பர்மியர்களிடம் இனி நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு மூண்ட கலவரத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் கூலிக்காரர்கள். ஏழைக்கு ஏழை அடித்துக்கொண்ட அந்தத் தெருக்களில், கம்பெனி முதலாளி ஒருவருக்கும் கீறல் விழவில்லை. 1938இல் மறுபடியும் ஒரு கலவரம்.

எங்களைக் கூப்பிடும் சொல்லைப் பற்றியும் சொல்கிறேன். கலா. தெருவில் யாராவது வாயெடுத்துச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு முதுகு சில்லிட்டுப்போகும். ஆனால் பர்மிய மொழிக்குள் அந்தச் சொல் எங்கெல்லாம் இருக்கிறது பாருங்கள். நாற்காலிக்குக் கலா உட்காருவது என்று பெயர். கொண்டைக்கடலை கலாப் பயறு. திரைச்சீலையிலும் கலா, ஒட்டகத்திலும் கலா. மேற்கே இருந்து வந்த சாமான்களுக்கும் மனிதர்களுக்கும் பொதுவான பழைய பெயர் அது. வெள்ளைக்காரனையே கலாப்யூ, வெள்ளைக் கலா, என்றுதான் சொன்னார்கள். வெள்ளைக் கலா 1948 ஜனவரி 4ஆம் தேதி விடிகாலை கொடியை இறக்கிவிட்டுப் போய்விட்டான். பெயர் எங்களிடம் தங்கிவிட்டது.

1942 பற்றி அதிகம் எழுதப்பட்டிருக்கிறது, சுருக்கிவிடுகிறேன். 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. நான்கைந்து லட்சம் பேர் இந்தியாவை நோக்கி நடந்தார்கள், அரக்கான் மலைவழியாகவும் தமு வழியாகவும். பல்லாயிரம் பேர் வழியிலேயே விழுந்தார்கள். வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி என்று அப்போதே இந்தியாவில் கண்டனம் எழுந்தது. பூட்டனின் தம்பி அரக்கான் வழியாகப் புறப்பட்டவர், செய்தி இல்லை. திதி தெரியாததால் ஆடி அமாவாசையில்தான் அவருக்கு எள்ளும் தண்ணீரும். பூட்டன் போகாததற்குக் காரணம் மாடு. ஒரு ஜோடி மாட்டை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று இருந்துவிட்டார். அந்த மாட்டினால்தான் நான் பர்மாக்காரி.

1964ஐ அம்மா பார்த்திருக்கிறாள். 1962இல் ராணுவ ஆட்சி வந்தது. அதன் பின்னால் கடைகளும் ஆலைகளும் அரசுடைமை. 1964 மே 17ஆம் தேதி ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. இந்தியாவுக்குக் கப்பல்கள் வந்தன. சில வருஷங்களுக்குள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் போய்விட்டார்கள். சித்தப்பா போனது அப்படித்தான். கப்பலேறும் இடத்தில் சித்தியின் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள் என்பது எங்கள் வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. சென்னையில் பர்மா பஜார், ஊருக்கு ஊர் பர்மா காலனி, பீச்சோரத்து அத்தோ நூடுல்ஸ் கடை எல்லாம் அந்தக் கப்பல்களில் இறங்கிய சனங்கள் உண்டாக்கியது. அங்கே ஒட்டாமல் தரைவழியாகத் திரும்பி வர முயன்று, எல்லையில் மறிக்கப்பட்டு, மணிப்பூரில் மோரேயிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. அங்கே ஓர் அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. இங்கே மிச்சமிருந்த எங்களுக்கு அடுத்த வருஷம் தமிழ்ப் பள்ளிகளும் போயின. நான் தமிழ் படித்தது கோயில் மடைப்பள்ளித் திண்ணையில், ஞாயிற்றுக்கிழமைகளில். இப்போது அதே திண்ணையில் பிள்ளைகளுக்கு நான் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இதை எழுதியதற்கே அர்த்தமில்லை. இதே 1823தான் ரோஹிங்கியா மக்களைக் காகிதமே இல்லாதவர்களாக ஆக்கியது. 2017இல் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அப்போது எங்கள் கோயில் வாசலில் நம் ஆட்களே "அந்தக் கலாக்களுக்கு இது வேணும்" என்று பேசியதை இந்தக் காதால் கேட்டேன். நம்மை அடித்த சொல்லையே எடுத்து இன்னொருத்தன்மீது வீசினால் நம் அட்டையின் நிறம் பத்திரமாக இருக்கும் என்ற பயம். அன்றைக்கு நான் எழுந்து பேசவில்லை. எட்டு வருஷமாக அது நெஞ்சில் கிடக்கிறது.

சரி, பெட்டிக்கு வருகிறேன். மேலே அம்மாவின் கூரைப்புடவை. அதற்குக் கீழே அப்பாவின் நீல அட்டை, நிலத் தீர்வை ரசீதுகள், 2012ஆம் ஆண்டு விவசாய நிலச் சட்டப்படி எங்கள் ஆறு ஏக்கருக்குக் கிடைத்த ஏழாம் எண் படிவம். நிலம் அரசாங்கத்துடையது, உழும் உரிமை எங்களுடையது. ஒரு தகர டப்பாவில் மூன்று நூறு சாட் நோட்டுகள், ஆங் சான் படம் போட்டவை, அப்பத்தா மாற்றாமல் விட்டவை. தரையோடு தரையாக ஒரு பனையோலைப் பெட்டி, அது அப்வாவுடையது. அதற்குள் எட்டாக மடித்த அந்தச் சீட்டு இருந்தது.

மடிப்பில் கிழிந்துபோயிருந்தது. ஒரு பக்கம் அச்சடித்த ஆங்கிலம், நடுவில் பர்மிய எழுத்தில் இரண்டு வரி, மூலையில் ஸ்டாம்பு. கீழே ஒரு கட்டைவிரல் ரேகை, ஊதா மை மங்கிப் பழுப்பாகிவிட்டது. சேற்றில் உழன்ற விரல், நடுவே ஒரு வெட்டுத் தழும்பு ரேகையை இரண்டாகப் பிளந்திருந்தது. ரேகைக்குப் பக்கத்திலும் சீட்டின் பின்புறத்திலும் கடைக்காரர்களின் கையெழுத்து, தமிழில். அப்வா எண்பத்து மூன்று வயது வரை இந்தச் சீட்டை வைத்திருந்தது. ஓர் எழுத்துகூட அதற்குப் படிக்கத் தெரியாது. என்னிடம் காட்டியதும் இல்லை. தமிழ் படிக்கத் தெரிந்த பேத்தியிடம் ஏன் காட்டவில்லை என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் தலைமுறைக்கு அப்வாவின் அப்பா பெயர் வேண்டும். அம்மாவுக்குத் தெரியவில்லை. ஊரே அவரை ஒரு பட்டப்பெயரில்தான் கூப்பிட்டதாம், வீட்டில் அப்பே என்பார்களாம். பிள்ளை சீட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எட்டு வருஷம் உட்கார்ந்தவள், ஆனாலும் சுழித்துச் சுழித்து எழுதிய கடைக்காரக் கையெழுத்து அவளுக்குப் பழக்கமில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதலில் கடையின் விலாசம், அதாவது கடைப் பெயரின் முதலெழுத்துகள், மூன்று எழுத்து. பிறகு ஊர்ப் பெயர். பிறகு ரேகைக்குப் பக்கத்தில் அவர் பெயர். பர்மியப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது ஓசை கொஞ்சம் கோணிப்போகும். இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். அடுப்படியில் இருந்து அம்மா, "ஆமா, அதுதான்! அதுதான்!" என்று ஓடி வந்தாள்.

சீட்டின் குறுக்கே பெரிதாக ஒரு சொல் எழுதிக் கீழே கோடு போட்டிருந்தது. அதையும் கூட்டிப் படித்தாள். "பை... ச... ல். பைசல்னா என்ன அத்தை?"

"கணக்கு முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

ஒரு நிமிஷம் அந்த ரேகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெள்ளைத்தாளை எடுத்து, தமிழில் இருந்த பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பர்மிய எழுத்தில் எழுதினாள்.